பால்வீதியில் கறுப்பாகத் தெரிவது என்ன?

பால்வீதியைப் படங்களில் பார்த்துப் பழகியவர்கள் முதல்முறை நேரில் பார்க்கும்போது பெரும்பாலும் கேட்பது "இவ்வளவுதானா?" என்றுதான். இன்ஸ்டாகிராமில் அது ஊதாவும் ஆரஞ்சுமாக மலை முகட்டிலிருந்து பொங்கி எழும். நேரில் போனால் சாம்பல் பூசிய வெள்ளையில் ஒரு மங்கல் பட்டை. படம் எடுத்தவர் ஏமாற்றிவிட்டாரா என்றால், நிறத்தைக் கொஞ்சம் ஏற்றியிருப்பார், அவ்வளவுதான். கேமரா ஒரே இடத்தைப் பதினைந்து, இருபது விநாடி பார்த்து, வந்த ஒளியையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு விநாடிக்குள்ளேயே பழைய காட்சியைத் துடைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடும். போதாக்குறைக்கு, அவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் விழித்திரையில் நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் எழுந்திருக்கவே மாட்டா. வேலை செய்வது கோல் செல்கள் மட்டும். அவற்றுக்கு நிறம் தெரியாது.

இன்னொரு கூட்டம் உண்டு. பட்டையைப் பார்த்ததும் "அட, மேகம் வந்துருச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நகரத்து வானத்தில் வளர்ந்த கண் அப்படித்தான் நினைக்கும். நகரத்தில் மேகம் என்பது, கீழிருந்து போகும் தெருவிளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெளுத்த திட்டு. விளக்கே இல்லாத இடத்தில் கதை தலைகீழ். அங்கே மேகத்துக்கு வெளிச்சம் அடிக்க எதுவும் இல்லை. அது நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நகரும் கறுப்புத் திட்டாகத் தெரியும். வானம் லேசாக ஒளிரும், மேகம் கறுத்துக் கிடக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பால்வீதியில் நாம் எங்கே இருக்கிறோம் என்று புரிந்துகொள்ள வானியலாளர்களுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு பிடித்ததற்கு இதே குழப்பம்தான் காரணம், இன்னும் கொஞ்சம் பெரிய அளவில்.

முதலில் அடிப்படை. பால்வீதி என்னும் நம் விண்மீன் மண்டலம் ஒரு தட்டையான வட்டு. குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம் ஓர் ஒளியாண்டு). நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அடைந்திருக்கும் மெல்லிய அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 1,000 ஒளியாண்டு. 30 செ.மீ. அகலத்துக்கு 3 மி.மீ. தடிமனில் வார்த்த தோசைக்கும் இதே விகிதம்தான். அதில் 10,000 கோடியிலிருந்து 40,000 கோடி வரை நட்சத்திரங்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு. நடுவுக்கும் ஓரத்துக்கும் ஏறத்தாழப் பாதி வழியில், மையத்திலிருந்து 26,000 ஒளியாண்டு தள்ளி, மாவுக்குள்ளேயே புதைந்து நாம் இருக்கிறோம். தோசையின் தளத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை நெடுந்தூரம் மாவுக்குள்ளேயே போகும். மேலேயோ கீழேயோ பார்த்தால் சட்டென்று வெளியே வந்துவிடும். எனவே வட்டின் தளம் முழுவதும் நமக்கு ஒரு வளையமாக, வானத்தைச் சுற்றிய பட்டையாகத் தெரிகிறது. அந்த வளையம் வானத்தை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிக்கிறது என்பதே நாம் வட்டின் நடுத்தளத்தை ஒட்டி இருக்கிறோம் என்பதற்குச் சான்று. நடுத்தளத்திலிருந்து நாம் விலகியிருப்பது சில பத்து ஒளியாண்டுதான்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம் தேவை. பட்டை மட்டும்தான் பால்வீதி என்று பலர் நினைக்கிறார்கள். இரவில் வெறுங்கண்ணுக்குத் தனித்தனிப் புள்ளியாகத் தெரிகிற அத்தனை நட்சத்திரமும் பால்வீதியைச் சேர்ந்ததுதான். நல்ல இருட்டில் ஒரு நேரத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் எண்ணலாம். அவை பக்கத்து வீட்டுக்காரர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. அதற்கும் அப்பால் இருக்கும் கோடிக்கணக்கானவை தனியாகப் பிரிந்து தெரியாமல் ஒன்றாகக் கலந்து தரும் வெளிச்சமே பட்டை. 1610இல் கலிலியோ தன் சின்னத் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பியபோது, பால் போன்ற ஒளி எண்ணிலடங்காத நட்சத்திரங்களாக உதிர்ந்தது. அதுவரை அது காற்று மண்டலத்தில் எரியும் ஆவி என்ற அரிஸ்டாட்டிலின் கருத்துக்கு ஐரோப்பாவில் மதிப்பு இருந்தது.

சரி, வெளிச்சத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இருட்டு?

உண்மையான இருட்டு வானத்தில் பட்டையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் ஒழுங்கின்மை. தனுசிலிருந்து வடக்கே திருவோணம் பக்கமாக ஏறி, சிக்னஸ் என்னும் அன்னம் வரை ஒரு கறுப்புக் கீற்று பட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. தெற்கே, தெற்குச் சிலுவையின் காலடியில், கரிமூட்டை என்று மாலுமிகள் பேர் வைத்த ஒரு கறுப்புத் திட்டு. நம் மரபிலும் கிரேக்க மரபிலும் நட்சத்திரங்களைக் கோடு போட்டு இணைத்து உருவம் கண்டார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் பலர் கறுப்பிலேயே உருவம் கண்டார்கள். கரிமூட்டை தலையாகவும், அங்கிருந்து விருச்சிகம் வரை ஓடும் கறுப்புக் கீற்று கழுத்தும் உடலுமாகவும் ஒரு பெரிய ஈமு பறவை அவர்களுடைய வானத்தில் உண்டு. அது நிற்கும் கோலத்தை வைத்து ஈமு முட்டையிடும் பருவத்தைச் சொன்னார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்களுக்கு அதே பகுதி ஒரு தாய் லாமா. ஆல்ஃபா சென்டாரி, பீட்டா சென்டாரி இரண்டும் அதன் கண்கள். கறுப்பு ஒரு வெற்றிடம் இல்லை, அங்கே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்ட அவர்கள், பின்னால் வந்த தொலைநோக்கிக்காரர்களைவிட உண்மைக்கு ஒரு படி அருகில் இருந்திருக்கிறார்கள்.

ஏனென்றால் தொலைநோக்கிக்காரர்கள் அதை ஓட்டை என்று நினைத்தார்கள். யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல் ஒரு நாள் விருச்சிகத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவர், நட்சத்திரமே இல்லாத ஓர் இடம் வந்ததும், "வானத்தில் நிஜமாகவே ஒரு ஓட்டை இருக்கிறது" என்று ஜெர்மன் மொழியில் கத்தினாராம். பல ஆண்டு கழித்து அவர் தங்கை கரோலின், அண்ணன் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஓட்டை வேடிக்கையோடு போயிருந்தால் பரவாயில்லை. ஹெர்ஷல் அதற்கு முன்பே பால்வீதியின் வரைபடம் போடக் கிளம்பியவர். வானத்தில் 683 இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் தொலைநோக்கி வழியாக எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணினார். எண்ணிக்கை அதிகமானால் அந்தத் திசையில் மண்டலம் நீளமானது, குறைந்தால் ஓரம் பக்கத்தில் இருக்கிறது என்பது அவர் தர்க்கம். 1785இல் வெளியான அந்தப் படம் ஓரமெல்லாம் கிழிந்த ஒரு தட்டுபோல இருக்கும். கறுப்புக் கீற்று உள்ள திசையில் தட்டு இரண்டாகப் பிளந்திருக்கும், சூரியன் ஏறக்குறைய நடுவில் இருக்கும். எண்ணியதில் பிழையில்லை. தன் தொலைநோக்கிக்கு மண்டலத்தின் எல்லைவரை தெரிகிறது என்று நம்பியதில்தான் கோளாறு. பனிமூட்டத்தில் நடுக்காட்டில் நிற்பவர் எந்தப் பக்கமும் ஒரே அளவு தூரம் தெரிவதைப் பார்த்துக் காட்டின் நடுவில் தானே நிற்பதாக முடிவு கட்டுவார் இல்லையா, நடந்தது அதுதான். 1922இல் டச்சு வானியலாளர் கப்டைன், புகைப்படத் தகடுகளும் பல நாட்டு வானாய்வகங்களின் உதவியும் வைத்துக்கொண்டு எவ்வளவோ நுட்பமாக அதே வேலையைச் செய்தபோதும் சூரியன் நடுவை ஒட்டியே வந்து நின்றது.

இதை உடைத்தவர் நட்சத்திரங்களை எண்ணவே இல்லை. அமெரிக்காவின் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்த ஹார்லோ ஷேப்லி, கோளக் கொத்துகளை எடுத்துக்கொண்டார். லட்சக்கணக்கான முதிய நட்சத்திரங்கள் நெருக்கமாகத் திரண்ட உருண்டைகள் அவை. வட்டுக்குள் அடங்காமல் மேலும் கீழும் எங்கும் பரவி, மண்டலத்தின் மையத்தைச் சுற்றி வருபவை. அவற்றின் இருப்பில் ஒரு விசித்திரம் இருந்தது. வானம் முழுக்கச் சீராகப் பரவாமல், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொத்துகள் தனுசை ஒட்டிய சின்னப் பரப்பிலேயே கூடி நின்றன. நாம் நடுவில் இருந்தால் அப்படி ஒரு பக்கமாகச் சாயக் காரணமே இல்லை. அவற்றில் உள்ள மாறு விண்மீன்களை, அதாவது பிரகாசம் கூடிக் குறையும் நட்சத்திரங்களை, வைத்துத் தூரம் கணக்கிட்டு, மண்டலத்தின் மையம் தனுசு திசையில் வெகு தூரத்தில் இருக்கிறது என்று ஷேப்லி 1918இல் சொன்னார். கோப்பர்னிக்கஸ் பூமியை நடுவிலிருந்து எடுத்தார் என்றால் ஷேப்லி சூரியனையும் எடுத்துவிட்டார். பள்ளிப் பாடத்தில் முன்னவருக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒன்றுகூட இவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

ஆனால் திசை சரி, தூரம் தப்பு. ஷேப்லி சொன்ன தூரம் இன்றைய கணக்கைப்போல இரண்டு மடங்குக்கு மேல். காரணங்களில் ஒன்று அதே கறுப்புச் சரக்கு. நடுவில் ஏதோ ஒன்று ஒளியை மங்கலாக்குகிறது என்று தெரியாமல், மங்கலாகத் தெரிவதெல்லாம் தூரத்தில் இருப்பதாக அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த ஏதோ ஒன்றைக் கணக்கில் பிடித்தவர் ராபர்ட் டிரம்ப்ளர், 1930இல், கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில். அவர் எடுத்தது திறந்த கொத்துகள், அதாவது கார்த்திகைக் கூட்டம் மாதிரியான இளம் நட்சத்திரத் தொகுதிகள். ஒவ்வொரு கொத்துக்கும் நட்சத்திரங்களின் பிரகாசத்தை வைத்து ஒரு தூரம் கணக்கிட்டார். அந்தத் தூரத்தில் இருக்கும் கொத்து வானத்தில் இத்தனை அகலம் தெரிகிறதென்றால் அதன் நிஜ அளவு எவ்வளவு என்று அடுத்து பார்த்தார். விடை கேலிக்கூத்தாக வந்தது. தூரம் கூடக் கூடக் கொத்துகள் பெருத்துக்கொண்டே போயின. பூமியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்று பார்த்தா ஒரு கொத்து பருக்கும்? தூரக் கணக்கு ஊதிப்போயிருக்கிறது, அதாவது வழியில் ஒளி குறைந்துபோயிருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. தொலைவில் உள்ள கொத்துகளின் நட்சத்திரங்கள் இருக்கவேண்டியதைவிடச் சிவந்தும் தெரிந்தன. மிக நுண்ணிய தூசு நீல ஒளியை அதிகமாகச் சிதறடித்துச் சிவப்பை விட்டுவைக்கும். ஆக, நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளி காலியாக இல்லை.

எட்வர்ட் எமர்சன் பர்னார்ட் என்ற அமெரிக்கர் அதற்குள் கறுப்புத் திட்டுகளை ஆண்டுக்கணக்கில் புகைப்படம் எடுத்து, 1919இல் 182 திட்டுகளுக்கு ஒரு பட்டியலே போட்டிருந்தார். சிறு வயதில் வறுமையில் ஒரு புகைப்படக் கடையில் வேலைக்குச் சேர்ந்து வளர்ந்தவர். அவரே ஆரம்பத்தில் இவற்றை ஓட்டைகள் என்று எண்ணி, பிறகு தன் படங்களைப் பார்த்துப் பார்த்து, எதிரே நிற்கும் மேகங்கள் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த மேகத்தில் இருப்பது என்ன? பெரும்பகுதி ஹைட்ரஜன் வாயு. நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத் தூசு. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, புகைத் துகள் அளவு என்று சொல்லலாம். கரியும், மணலின் உறவான சிலிகேட்டும். முதிய நட்சத்திரங்கள் மேலுறையை உதறும்போதும் வெடித்துச் சாகும்போதும் வெளியே வந்தவை. வெளிச்சத்தைத் தடுப்பதால் மேகத்தின் உட்பகுதி குளிர்ந்து கிடக்கிறது. குளிர்ந்த வாயு ஈர்ப்பில் சுருங்க, அங்கேயே புது நட்சத்திரங்களும் கோள்களும் உருவாகின்றன. நம் சூரியனும் பூமியும் 460 கோடி ஆண்டுக்கு முன் இப்படி ஒரு கறுப்புத் திட்டிலிருந்து வந்தவைதான். வெறுங்கண்ணுக்குத் தெரியும் பெரிய கீற்றில் உள்ள மேகங்கள் நமக்குச் சில நூறிலிருந்து சில ஆயிரம் ஒளியாண்டுக்குள் இருப்பவை. அதாவது பால்வீதியின் கறுப்பு, வெளிச்சத்தைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நம்மிடமிருந்து மையம் வரை அப்படி மேகத்தின் மேல் மேகம். அங்கிருந்து கிளம்பும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேர்கிறது. தூசு மட்டும் இல்லாதிருந்தால் தனுசு திசையில் வானம் நிழல் விழும் அளவுக்கு ஒளிரும் என்று எழுதுபவர்கள் உண்டு. நிழலைப் பற்றித் தெரியாது, இன்று இருப்பதைப்போலப் பல மடங்கு பிரகாசமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.

மையத்திலிருந்து முதல் செய்தி வந்தது ஒளியாக இல்லை, இரைச்சலாக. அட்லாண்டிக்கைத் தாண்டி ரேடியோ வழியாகத் தொலைபேசி நடத்திய காலத்தில், பெல் ஆய்வகம் தன் இளம் பொறியாளர் கார்ல் ஜான்ஸ்கியிடம், பேச்சுக்கு நடுவே கேட்கும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னது. நியூ ஜெர்சியில் ஒரு வயல்வெளியில், பழைய ஃபோர்டு காரின் சக்கரங்கள் மேல் சுற்றும் ஒரு பெரிய ஆன்டெனாவைக் கட்டினார். பக்கத்து இடி, தூரத்து இடி இரண்டும் போக, மெல்லிய 'ஸ்ஸ்' என்ற ஓசை ஒன்று மிச்சம் இருந்தது. அது சூரியனோடு சேர்ந்து வருகிறதோ என்று முதலில் நினைத்தார். ஆனால் தினமும் நான்கு நிமிடம் முன்னதாக வந்தது. 24 மணி நேரத்துக்கு ஒரு முறை வந்தால் சூரியன், 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் நட்சத்திரங்களுக்கு இடையே நிலையாக இருக்கும் ஒன்று. திசை தனுசு. 1933இல் அவர் அறிவித்தபோது நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. வானியலாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ரேடியோ அலைக்குத் தூசு ஒரு பொருட்டே அல்ல. அகச்சிவப்பில் பத்தில் ஒரு பங்காவது தப்பித்து வரும். இந்த இரண்டையும் வைத்துத்தான் பிறகு மையத்தைப் படித்தார்கள். சிலியிலிருந்து ரெய்ன்ஹார்ட் கென்சலின் குழுவும் ஹவாயிலிருந்து ஆண்ட்ரியா கெஸ்ஸின் குழுவும் 1990கள் தொடங்கி மையத்தை ஒட்டிய நட்சத்திரங்களை அகச்சிவப்பில் பின்தொடர்ந்தன. எஸ்2 என்ற நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியை 16 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றுகிறது. அந்தப் புள்ளியின் நிறை 40 லட்சம் சூரியன்களுக்கு மேல். அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு நிறை என்றால் கருந்துளையைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. 2020இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2022 மே 12 அன்று ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு அதன் படத்தை வெளியிட்டது. அந்த ஆரஞ்சு வளையம் ரேடியோ அலையில் எடுத்தது, நிறம் நாம் பூசியது.

பால்வீதியை வெளியிலிருந்து பார்ப்பதுபோலச் சுருள் கைகளோடு வரும் படம் பாடப்புத்தகம் முதல் வாட்ஸ்அப் வரை சுற்றுகிறதே, அது ஓவியம். வெளியே போய் நின்று எவரும் எடுத்ததில்லை, எடுக்க வாய்ப்பும் இல்லை. நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து கிளம்பும் கைகள், அவற்றுக்கு இடையே ஒரு சின்னக் கிளையில் நாம் என்ற அமைப்பை ரேடியோவும் அகச்சிவப்பும் கொண்டு உள்ளேயிருந்தே ஊகித்திருக்கிறார்கள். 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 தொடக்கம் வரை வேலை செய்த ஐரோப்பாவின் கையா விண்கலம் 180 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தை அளந்திருக்கிறது. மண்டலத்தில் இருப்பவற்றில் அது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான்.

தூசுத் திரையில் கிழிசலும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது மவுன்ட் வில்சனில் வால்ட்டர் பாடே என்பவர் இருந்தார். ஜெர்மன் குடியுரிமை இருந்ததால் அமெரிக்காவில் அவர் பகைநாட்டுக்காரர். சக ஊழியர்கள் போர் ஆராய்ச்சிக்குப் போய்விட, இவர் கையில் 100 அங்குலத் தொலைநோக்கி தங்கிவிட்டது. கீழே லாஸ் ஏஞ்சலிஸ் நகரமோ போருக்காக விளக்குகளைக் குறைத்திருந்தது. அப்படி அமைந்த இருட்டில் ஆண்ட்ரோமெடா என்ற வேறொரு விண்மீன் மண்டலத்தின் நடுப்பகுதியைத் தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரித்துப் படமெடுத்தார். அடுத்து நம் மண்டலத்தின் நடுவுக்கு வந்தார். மையத்துக்கு நேரே வழியில்லை. மையத்திலிருந்து நான்கு பாகை தள்ளித் தூசு குறைந்த ஓர் இடுக்கைப் பிடித்து, அதன் வழியே நடுப்புடைப்பின், அதாவது மையத்தைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நட்சத்திரத் திரளின், மாறு விண்மீன்களைப் பார்த்து, மையத்தின் தூரத்தை இன்றைய கணக்குக்கு அருகே கொண்டுவந்தார். பாடேயின் சாளரம் என்று அந்த இடத்துக்குப் பேர். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதுதான் நமக்கு வசதி.

எப்படி என்று சொல்கிறேன். முதலில் விருச்சிகத்தைப் பிடியுங்கள். வானத்தில் பேருக்கேற்ற உருவம் உள்ள அபூர்வமான ராசி அது. அனுஷம், கேட்டை, மூலம் மூன்றும் அந்தத் தேளின் உடம்பில்தான் இருக்கின்றன. சிவப்பாக எரிவது கேட்டை. உடல் வளைந்து கீழே போய்த் திரும்பி மேலே ஏறும் கொடுக்கு மூலம். கொடுக்குக்குக் கிழக்கே எட்டு நட்சத்திரங்கள் மூக்கு வைத்த தேநீர்க் கெண்டிபோல நிற்கும். அது தனுசு. பூராடமும் உத்திராடமும் அந்தக் கெண்டியின் பாகங்கள். கெண்டி மூக்கின் நுனியிலிருந்து, கையை நீட்டி மூன்று விரல் வைத்தால் அந்த அகலம் மேற்கே போனால் மண்டலத்தின் மையம் இருக்கும் திசை. அங்கே பார்த்தால் ஒன்றும் இருக்காது, கறுப்புதான். மூக்கின் நுனிக்கு ஒட்டினாற்போல் பட்டை பளிச்சென்று புகைபோலத் திரண்டிருக்கும். அந்த வெளிச்சம் திரைக் கிழிசல் வழியே வரும் நடுப்புடைப்பின் வெளிச்சம். 25,000 ஒளியாண்டு தூரத்துப் பொருளை வெறுங்கண்ணால் பார்க்கிறீர்கள்.

கையில் சாதாரண 10×50 பைனாகுலர் இருந்தால் இந்த இடம் ஒரு சுரங்கம். கொடுக்குக்கும் கெண்டிக்கும் நடுவே பைனாகுலரை மெதுவாக நகர்த்துங்கள். கொடுக்குக்குச் சற்று வடகிழக்கே சிதறிய வைரம்போல ஒரு கொத்து வரும். எம்7 என்று பேர், ஏறத்தாழ 1,000 ஒளியாண்டு. ராஜேந்திர சோழன் காலத்தை ஒட்டிக் கிளம்பிய ஒளி அது. பக்கத்திலேயே எம்6, 1,600. கெண்டி மூக்குக்கு மேலே பஞ்சுபோல ஒரு திட்டு, எம்8 என்ற வாயு மேகம். அங்கே இப்போதும் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. தூரம் நாலாயிரம், ஐயாயிரம். கெண்டியின் மூடிக்கு இடப்பக்கம் உருண்டையான மங்கல் பந்து, எம்22, ஷேப்லி எண்ணிய வகைக் கோளக் கொத்து, 10,000க்கு மேல். இத்தனையும் கையை நீட்டிச் சாண் வைத்தால் அடங்கிவிடும் பரப்பில். சின்னத் தொலைநோக்கி இருந்தால் கெண்டியின் அடியில் எம்54ஐயும் தேடலாம். 87,000 ஒளியாண்டு. அது நம் மண்டலத்துக் கொத்தே இல்லை. நம் பால்வீதி இழுத்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும் தனுசுக் குறுமண்டலம் என்ற அயல் மண்டலத்தின் நடுவில் இருப்பது. அந்த மண்டலமே 1994வரை எவருக்கும் தெரியாது, மையத்துக்கு அந்தப்புறம் ஒளிந்திருந்தது.

எப்போது பார்ப்பது? டிசம்பரில் சூரியன் அந்தப் பக்கம் நிற்பதால் அப்போது வாய்ப்பில்லை. மார்ச் நடுவில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் தனுசுப் பகுதி உதிக்கும், நான்கு மணிக்கு நன்றாக மேலே வந்திருக்கும். ஏப்ரல் நடுவில் இரவு பதினொன்றுக்கு, மே நடுவில் ஒன்பதுக்கு உதிக்கும். ஆகஸ்டில் எட்டரை மணிக்கே தெற்கே உச்சத்தில் நிற்கும், ஆனால் தென்மேற்குப் பருவமழை மேகம் பல ஊர்களில் விடாது. வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் அது மேற்கே சாய்ந்துவிடும். என் ஓட்டு மார்ச் முதல் மே வரை, பின்னிரவு. காலண்டரில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். நிலா இருந்தால் பட்டை காணாமல் போகும்.

இந்த விஷயத்தில் நம்முடைய இடம் கொடுத்துவைத்த இடம். மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் மையம் தெற்கே 51 பாகை உயரம் ஏறுகிறது. சிங்கப்பூரில் 60. டொரன்டோவில் 17 பாகைதான், லண்டனில் வெறும் 9 பாகை சொச்சம், கட்டடங்களுக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். வானியலின் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து நடந்த நூற்றாண்டுகளில், மண்டலத்தின் மையம் அவர்களுடைய அடிவானப் புகையில் கிடந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு வடக்கே அன்னமும் தெரியும், தெற்கே ஏப்ரல், மே இரவில் தெற்குச் சிலுவையும் கரிமூட்டையும் தெரியும். ஈமு முழுசாகவே நம் வானத்தில் எழும்.

ஜனவரி, பிப்ரவரி மாலைகளிலும் பால்வீதி உண்டு, பலருக்கு அது தெரியாது. திருவாதிரைக்கும் புனர்பூசத்துக்கும் இடையே வடக்கு தெற்காக ஓடும் மெல்லிய பட்டை அது. மையத்துக்கு முதுகைக் காட்டி வெளியோரத்தைப் பார்ப்பதால் அவ்வளவு மங்கல். இருட்டு கொஞ்சம் குறைந்தாலும் தெரியாது.

இருட்டுதான் இப்போது பெரிய பிரச்சினை. 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்குத் தங்கள் ஊரிலிருந்து பால்வீதி தெரியாது. ஹெர்ஷலுக்கு விண்வெளித் தூசு செய்ததை நமக்குத் தெருவிளக்கு செய்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தை அமைத்ததற்குச் சுற்றிலும் இருந்த காடும் இருட்டும் முக்கியக் காரணம். லடாக்கின் ஹான்லேயில் வானாய்வகத்தைச் சுற்றிய பகுதியை 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவித்து, ஊர் மக்களே விளக்குக்கு மூடி போட்டும் கனத்த திரை கட்டியும் வைத்திருக்கிறார்கள். ஹான்லே வரை போக வேண்டியதில்லை. பெரிய ஊரிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி, தெற்குப் பக்கம் நகர வெளிச்சம் இல்லாத இடமாக இருந்தால் போதும். வடக்கே ஊர் இருந்தால்கூடச் சமாளிக்கலாம், தெற்கே இருக்கக்கூடாது.

போனதும் அரை மணி நேரம் செல்போனைத் தொடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும், ஒரு முறை திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. விளக்கு தேவைப்பட்டால் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். மங்கலானதை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் நன்றாகத் தெரியும். விழித்திரையின் நட்டநடுவில் கோல் செல்கள் கிடையாது. கிளம்பும் முன் வேண்டுமானால் போனை ஒரு கல் மேல் ஆடாமல் சாய்த்து, நைட் மோடில் முப்பது விநாடி வைத்து எடுங்கள். கண் காட்டாத நிறம் அதில் வரும். கறுப்புக் கீற்று மட்டும் அதிலும் கறுப்பாகவே வரும்.